இரண்டாவது லைட்டர்

சித்தி வீட்டில் ஒரு தீப்பெட்டிகூட இல்லை என்பது நான் வந்து இறங்கிய அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. மின்சாரம் போயிருந்தது. மெழுகுவர்த்தி இருந்தது, பற்றவைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அலமாரி, சமையல் மேடை, சித்தப்பாவின் கருவிப் பெட்டி எல்லாவற்றையும் துழாவினேன். எரிவாயு அடுப்பையும் காணோம். அதன் இடத்தில் ஒரு மின் அடுப்பு உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்தையும் ரெண்டு நாளைக்கு முன்னாடி வாரிக் குப்பையில போட்டுட்டா உங்க சித்தி. ஏன்னு கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறா. இனிமே ரெண்டு கல்லை உரசித்தான் வெளிச்சம்" என்றார் சித்தப்பா.

பக்கத்து வீட்டில் தீப்பெட்டி வாங்கி வருவதாகச் சொல்லி அவர் செருப்பைத் தேடினார். இருட்டிலிருந்து சித்தியின் குரல் வந்தது. "வேணாம். கொண்டு வராதீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சித்தப்பா வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த என்னிடம் நடந்ததைச் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். வழிப்போக்கரிடம் சொல்வது மாதிரி.

சித்தி என் அம்மாவுக்கு இளையவள். இருபத்திரண்டு வயதில் இரும்பாலையில் வாயுக் காவல் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது நாற்பத்தாறு. கரியும் இரும்புத் தாதுவும் வேகும் பெரிய உலையின் அடியில், உருகிய இரும்பு வெளியே வரும் இடத்தில் நின்று, எங்கே வாயு கசிகிறது என்று பார்ப்பது அவள் வேலை. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அப்படியும் ஆலையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'மூக்கு'.

சேர்ந்த முதல் வருடத்தில், ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஃபிட்டர் உலை மேடையின் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் சித்தி இரண்டு தடவை அவரைத் தாண்டிப் போனாள். மூன்றாவது தடவை, வழியை மறிக்கிறாரே என்று முட்டியைத் தட்டினாள். அவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். தலைக்கு மேலே இருந்த குழாய் இணைப்பிலிருந்து வாயு சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த உலையில் வேலை செய்தவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எரிகிற வாயு கண்ணுக்குத் தெரியும், எரியாததுதான் ஆளைக் கொல்லும். 'ஸ்ஸ்' என்று கசிகிற சத்தம் கேட்டால், கம்பி நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றி, லைட்டரால் பற்றவைத்து அந்த இடத்தில் காட்ட வேண்டும். நீலமாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மூச்சு விடலாம். ஒரு லைட்டர் நனைந்துவிட்டால்? அதனால் எல்லோரும் இரண்டு வைத்திருப்பார்கள். சட்டைப் பையில் ஒன்று, கால்சட்டையின் உள்பையில் ஒன்று. இருபத்துநான்கு வருடம் சித்தியின் காது சத்தத்தைக் கேட்டது, கட்டைவிரல் பதில் சொன்னது. நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

இப்போது பழைய உலைக்குப் பக்கத்திலேயே புதிய ஆலை எழும்பியிருக்கிறது. அங்கே கரி கிடையாது. கரி செய்த வேலையை ஹைட்ரஜன் செய்கிறது. தாதுவில் இருக்கும் ஆக்சிஜனைக் கரி பிடுங்கினால் புகை வரும், ஹைட்ரஜன் பிடுங்கினால் தண்ணீர் வரும். உலகம் சூடாவது கொஞ்சம் குறையும், தெருவில் காயப்போட்ட துணியும் வெள்ளையாகவே வீடு திரும்பும். சித்திக்குப் பழையதன்மேல் துளி பாசம் கிடையாது. அந்தக் கரிச்சனியன் ஒழிகிற அன்று தன் நுரையீரலே எழுந்து கும்பிடு போடும் என்பாள்.

ஆனால் புதியது முழுதாக ஓட ஒரு வருடம் ஆகும். அதுவரை பழைய ஆட்களுக்குக் காலையில் உலை, மதியத்துக்கு மேல் புதிய ஆலை. அங்கே சட்டம் தலைகீழ். மூடிய அறையில் ஹைட்ரஜன் கசிந்தால் ஒரு பொறி போதும், கூரை இருக்காது. அதன் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கும் தெரியாது. அதனால் வாசலில் ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். லைட்டரை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நான் வருவதற்கு இரண்டு நாள் முன்பு சித்தி சட்டைப் பையில் இருந்ததைத் தட்டில் போட்டாள். வாசல்காரர் தலையசைத்தார். அவள் வால்வு அறைக்குப் போனாள். கூட இருந்தது 'மூங்கில்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லியான ஃபிட்டர் ஒருவர். மதியம் மூன்று மணி. அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி நின்றுபோயிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மூங்கில் ஒரு வால்வைத் திருப்பினார். மேலே ஒரு இணைப்பிலிருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது.

அவளுக்கு அடுத்து நினைவில் இருப்பது தன் வலது கை. அது இடுப்புக்கு மேலே நீட்டியபடி இருந்தது. அதில் உள்பை லைட்டர். கட்டைவிரல் சக்கரத்தின்மேல் அழுந்தியிருந்தது.

"சுத்தல, அவ்வளவுதான். ஏன் சுத்தலன்னு எனக்கே தெரியல. நான் நிறுத்தலடி. அது தானா நின்னுச்சு" என்றாள் சித்தி.

விரலை எடுக்க முடியவில்லை. எடுக்கும்போது சக்கரம் உருண்டுவிட்டால்? இடுப்பில் இருந்த வாயு அளவுமானி கூவ ஆரம்பித்திருந்தது. கத்தக்கூட அவளுக்குப் பயம். மெல்லத்தான் கூப்பிட்டாள். மூங்கில் திரும்பிப் பார்த்தார். ஓடவில்லை. வால்வை மூடினார். பிறகு ஒவ்வோர் அடியாக வந்து அவள் முன்னால் நின்றார்.

"அக்கா, சும்மா நில்லுங்க. இப்ப இந்த விரல் உங்களோடது இல்ல, என்னோடது. நீங்க அதைப் பத்தி நினைக்காதீங்க."

சக்கரத்தைத் தன் நகத்தால் அசையாமல் அழுத்திக்கொண்டு, அவள் விரலைப் பக்கவாட்டில் உரித்து எடுத்தார். பிசின் ஒட்டியதை எடுப்பதுபோல. வெளியே வந்ததும் லைட்டரைக் கழிவுநீர்த் தொட்டியில் போட்டார். "நானும் பாக்கல, நீங்களும் கொண்டு வரல. வேலை போயிரும்கா, வாயத் தொறக்காதீங்க" என்றார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அன்று இரவே வீட்டிலிருந்த தீப்பெட்டிகளையெல்லாம் குப்பையில் போட்டாள்.

"வீட்டுல இருக்கறதத் தூக்கிப் போட்டு என்ன செய்ய? பயம் லைட்டர்மேல இல்ல. இந்தக் கைமேல" என்றாள். "சொன்னா வெளிய அனுப்பிருவாங்க. சொல்லலன்னா, இன்னொரு நாள் மூங்கில் பக்கத்துல இருக்க மாட்டான்."

மின்சாரம் வந்தபோது அவள் தன் வலது கையை இடது கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது தெரிந்தது.

மறுநாள் காலை ஆலை வாசல்வரை அவளோடு நடந்தேன். உள்ளே பொறியாளரம்மாவிடம் போய், மூங்கில் பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும் அந்த அம்மாவுக்கு. திட்டவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"ரெண்டு வச்சுக்கிற பழக்கம் உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

இந்தக் கேள்வி சித்திக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

புதிய ஆலையின் உணவுக்கூடத்தில், அன்று மதியம் வாசலில் தட்டைத் தாண்டி வந்திருந்த பழைய உலை ஆட்கள் பத்தொன்பது பேரையும் உட்கார வைத்தார்கள். உள்பையைக் காட்டச் சொன்னதும் சிரிப்பு. "மூக்கு இப்ப பையையும் மோந்து பாக்குதா?" என்று ஒருவர் கேட்டார். அதே ஆள் பையை வெளியே இழுத்தபோது மேசைமேல் ஒரு லைட்டர் விழுந்தது. சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரவர் கை அவரவர் இடுப்புக்குப் போனது. மேசையில் ஏழு சேர்ந்தன. ஏழாவது மூங்கிலுடையது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், யாரோ தன் பையில் பாம்பை வைத்துவிட்டதுபோல.

சித்தியை வேலையிலிருந்து அனுப்பவில்லை. இந்த ஆட்கள் எதை எங்கே ஒளிக்காமலே ஒளித்து வைப்பார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தானே என்று, பழைய உலை அணைகிற வரை அவளைத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பத்தொன்பது பேர் சீருடையிலும் உள்பையைத் தைத்து மூடியாகிவிட்டது. உலை அணைந்த பிறகு அவள் மறுபடி வால்வு அறைக்குப் போக வேண்டும்.

எல்லோரையும் அவள் சோதிக்கிறாள், அவளை யார் சோதிப்பது என்று சித்தப்பா ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் அவள் கிளம்பும்போது நான்தான் அவள் பைகளைத் தடவிப் பார்க்கிறேன். கைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிற்கிறாள். ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவேன் என்று சொல்லி வந்த நான், பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

இன்று காலையும் எல்லாப் பைகளும் காலி. தேநீருக்கு வைத்த கெட்டில் கொதிவந்து 'ஸ்ஸ்' என்றது. சித்தியின் வலது கட்டைவிரல் மெல்ல மடங்கி, இல்லாத ஒன்றின்மேல் அழுந்தியது. இருவரும் அதைப் பார்த்தோம். நான் கெட்டிலை அணைத்துவிட்டு, தேநீரை ஊற்றி, டம்ளரை அந்தக் கையில் வைத்து விரல்களை அதைச் சுற்றி மூடினேன்.