வெள்ளிக்கிழமையைக் கேட்டேன்

ஏழாம் வகுப்பில் தமிழ் டீச்சர் பேச்சுப் போட்டி என்று சொல்லி வாய் மூடுவதற்குள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மரம் நட்டுவிட்டார்கள். மீதிப் பேர் பிளாஸ்டிக்கை ஒழித்தார்கள். இரண்டிலும் இடம் கிடைக்காத சிலர் செல்போனைத் திட்டுவது என்று முடிவெடுத்தார்கள். தலைப்பை நாங்களே யோசித்துத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. கூடவே ஒன்றும் சொன்னார். "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதுக்குப் பேர் பேச்சு இல்ல. நீங்க பேசி முடிச்சதும் கேக்குறவங்கள்ல ஒருத்தராவது மனசு மாறணும். அப்படிப்பட்ட தலைப்பா பாத்து எடுங்க."

டீச்சர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது என்கிற விவரம் எனக்கு அப்போது இல்லை. நம்பிவிட்டேன். மரம் நடக் கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏற்கெனவே சரி என்று தலையாட்டுகிறவர்களிடம் போய்த் தொண்டை கிழியக் கத்தி என்ன ஆகப்போகிறது? எனக்கு நிஜமாகவே ஒன்று வேண்டியிருந்தது. அதை எழுதி நாலாக மடித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை விடுமுறை விட வேண்டும்.

டீச்சர் அதைச் சத்தமாகப் படித்ததும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

விஷயம் இதுதான். ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் லீவு கிடையாது. சிலவற்றுக்கு ஞாயிறு, சிலவற்றுக்கு வெள்ளி. அம்மா வேலை செய்த கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை லீவு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். அம்மா தலைமுடியைக் கையால் முடிந்துகொண்டே ஓடுவாள். சாயங்காலம் பசை வாசனையோடு வருவாள். சமைப்பாள், பாத்திரம் கழுவுவாள், டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். நான் சொல்ல வைத்திருந்த கதைகளெல்லாம் பாதியிலேயே நின்றுபோகும். "ம், சொல்லு, கேட்டுன்னுதான் இருக்கேன்" என்பாள் கண்ணை மூடியபடி.

ஞாயிற்றுக்கிழமை என்பது அப்பாவோடு கழிக்க வேண்டிய நாள். அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. மாற்றி மாற்றி டூட்டி பார்த்துவிட்டு வந்து கவிழ்ந்து படுத்தாரென்றால் கூரையே இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் சமைப்பார். அதற்கு அவர் தூங்கிக்கொண்டே இருக்கலாம். தக்காளி சாதம் என்று சொல்லி ஒன்றைத் தட்டில் வைப்பார், அதைப் பார்த்தால் தக்காளியே ஒத்துக்கொள்ளாது.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அங்கே வேறு ஒரு அம்மா இருப்பாள். தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருப்பாள். முகம் பளிச்சென்று இருக்கும். எதையாவது நினைத்துத் தானாகச் சிரித்துக்கொள்வாள். அடுப்பங்கரையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். எனக்காக ஒரு டப்பாவில் பிரியாணி மூடி வைத்திருக்கும்.

பிரியாணி ஆப்பா வீட்டிலிருந்து வருவது. ஆப்பா பக்கத்துத் தெரு. உருதுவில் அக்கா என்று அர்த்தம் வருகிற அந்தச் சொல்லால்தான் அப்பா உட்பட எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். அம்மாவின் கம்பெனிதான். அம்மா மெஷினில் தைப்பாள், ஆப்பா பக்கத்து மேஜையில் பசை தடவி ஒட்டுவார். பக்கத்தில் பக்கத்தில்தான் என்றாலும் வேலை நேரத்தில் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் வந்து பின்னால் நிற்பாராம். அதனால் ஒரு வாரத்துப் பேச்சும் வெள்ளிக்கிழமைக்கு என்று சேர்ந்துவிடும். அன்றைக்கு மத்தியானம் ஆப்பா வீட்டு ஆம்பிளைகள் தொழுகைக்குக் கிளம்பியதும் ஆப்பா பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா டீ போடுவாள். ஆப்பாவுக்குச் சுகர், அதனால் அவர் டம்ளரில் மட்டும் சக்கரை கிடையாது. தம் உடைக்கிற நேரம் வரைக்கும் இரண்டு பேரும் பேசுவார்களாம். அப்படி என்ன பேசுவீர்கள் என்று கேட்டால் "இன்னா பேசுவோம், ஒண்ணுமில்ல" என்று அம்மா மறுபடி சிரிப்பாள்.

எனக்கு வயிறு எரியும். என் அம்மா சந்தோஷமாக இருக்கிறது ஒரே ஒரு நாள். அந்த நாளில் நான் மட்டும் வகுப்பில் உட்கார்ந்து பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது எந்த ஊர் நியாயம்? அந்த நாளை எப்படியாவது வாங்கிவிடுவது என்று நான் முடிவு கட்டியிருந்த சமயத்தில்தான் டீச்சர் வந்து தலைப்பு கேட்டார்.

எதிர்ப்பு நான் நினைக்காத பக்கமிருந்தெல்லாம் வந்தது. தொழுகைக்குப் போகிற பையன்களாவது என் பக்கம் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர்களில் ஒருவன் இடைவேளையில் வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "எங்களுக்குத்தான் மத்தியானம் பர்மிஷன் இருக்குதே. ஞாயித்துக்கெழம மேட்ச்ல கைய வெக்காத, தாயே!" சர்ச்சுக்குப் போகிற என் பெஞ்சுத் தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் அப்பா, தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டக் கூடாது என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார். வேண்டுமானால் அவரே எழுதித் தருவதாகவும் சொன்னார். அம்மாவிடம் மட்டும் தலைப்பை நான் சொல்லவே இல்லை. ஜெயித்துவிட்டு, லீவோடு போய் நிற்கலாம் என்று இருந்தேன்.

டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைப் பாதி சாத்தினார். "ஏண்டி, இது உனக்கு எதுக்கு? வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. வேற மாதிரி போயிடும். பேஜாரு. நூலகத்தின் பயன்னு எடுத்துக்கோ" என்றார். நாலு பேர் என்ன பேசுவார்கள், வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் நூலகம் வேண்டாம் என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்படியே சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் ஒரு யுத்தமே நடந்தது. டீச்சர் என் சீட்டைக் கிழிப்பார். மறுநாள் காலையில் அதே தலைப்பை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டுபோய் மேஜைமேல் வைப்பேன். தாய்மொழி என்றார், தண்ணீர் சிக்கனம் என்றார், தன் சுத்தம் என்றார். தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எங்கள் குடும்பத்தில் யாரிடமிருந்து இந்தப் பிடிவாதம் வந்தது என்பதில் அப்பா வீட்டாருக்கும் அம்மா வீட்டாருக்கும் இன்றுவரை தகராறு இருக்கிறது.

கடைசியில் ஒருநாள் டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சரி, சொல்லித் தொலை. வெள்ளிக்கிழமை லீவு விட்டா நீ இன்னா பண்ணுவே?" என்று கேட்டார்.

அத்தனை பேரில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சொன்னேன். பஸ் ஹாரன், பாதியில் நின்ற கதைகள், கவிழ்த்து வைத்த டம்ளர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சருக்கும் பிள்ளைகள் உண்டு. பிறகு, "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?" என்று என்னையே திட்டினார்.

பிறகு பேரம் தொடங்கியது. தலைப்பில் வெள்ளிக்கிழமை வரக் கூடாது, எந்த மதமும் வரக் கூடாது, உள்ளே என் வீட்டைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். நான் அடுத்த மணியடிக்கும் வரை யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டேன். 'அம்மாவுக்கு லீவு என்றால் எனக்கும் லீவு' என்று டீச்சரே தன் கையால் எழுதினார்.

போட்டி வைத்தது, வேடிக்கையைப் பாருங்கள், ஒரு வெள்ளிக்கிழமையில். பெற்றோர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா வந்தாள். கல்யாணங்களுக்குக் கட்டுகிற புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் கறுப்புப் புர்க்காவில் ஆப்பா. கடைசி வரிசை பெஞ்சில் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசியபடி இருந்தார்கள். நான் மேடையேறியதும் பேச்சை நிறுத்தினார்கள்.

வணக்கம் சொன்னேன். சபையோர்களே, நடுவர்களே என்று டீச்சர் சொல்லித் தந்ததெல்லாம் மேடையில் ஏறியதும் மறந்துபோயிற்று. அம்மாவைப் பார்த்தே பேசினேன். "எங்க வீட்ல மூணு பேரு இருக்கோம். ஆனா மூணு பேரும் ஒண்ணா உக்காந்து மத்தியானச் சோறு தின்னது எப்போன்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றுதான் ஆரம்பித்தேன். எங்க அம்மா செய்கிற ஷூ எந்தெந்தத் தேசத்துக்கோ போகிறது, அந்தத் தேசத்துப் பிள்ளைகளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் அம்மாவோடு வெளியே போவார்கள், எனக்கு வெளியே கூடப் போக வேண்டாம், அம்மா சிரிக்கும்போது பக்கத்தில் இருந்தால் போதும் என்றேன். கைதட்டல் வந்தது. அம்மா கை தட்டவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பரிசு மரத்துக்குப் போயிற்று. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். விடுமுறையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று தலைமையாசிரியர் பேசி முடித்தபோது, எனக்கு உலகமே வெறுத்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா என் கையை விடவே இல்லை. தெரு பிரிகிற இடத்தில் ஆப்பா நின்று என் கன்னத்தைத் தடவி, "ஷோக்கா பேசுனே கண்ணு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பொண்ணு வாய்விட்டுக் கேட்டுட்டா. இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டார்.

"பாக்கலாம் ஆப்பா" என்றாள் அம்மா.

அரைப் பரீட்சை லீவு முடிவதற்குள் அம்மா அந்தக் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டாள். வாணியம்பாடிப் பக்கம் இன்னொரு கம்பெனியில் சேர்ந்தாள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பழைய இடத்தில் அவளைச் சரக்கு சரிபார்க்கிற வேலைக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்களாம். புது இடத்தில் புதுசாக வந்த பெண்களோடு மறுபடியும் மெஷினில் உட்கார வேண்டும். பஸ்ஸும் இன்னும் சீக்கிரமாக வந்துவிடும். "நல்லா இருந்த வேலைய வுட்டுட்டு இன்னா பைத்தியக்காரத்தனம் இது" என்று அப்பா முணுமுணுத்தார். ஒருநாள் சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போது, "ஹைவேல நம்ப பழைய பஸ் எதிர்ல வந்துச்சு. ஆப்பா ஜன்னலோரம்தான் இருந்தாங்க. கைய ஆட்டினேன், பாக்கல" என்று பொதுவாகச் சொன்னாள்.

நானோ தரையில் கால் பாவாமல் திரிந்தேன். பள்ளிக்கூடம் திறந்த அன்றே டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், ஒருத்தரு மனசு மாறிட்டாங்க!" என்றேன். யாரு என்று கேட்டார். எங்க அம்மா என்று கம்பெனி மாறிய கதையை மூச்சு விடாமல் சொன்னேன். என்னைக் கட்டிக்கொள்வார், வகுப்பையே கை தட்டச் சொல்வார் என்று நின்றேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியா... சரி, போய் உக்காரு" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சோப்பு டப்பா கொடுத்தவர்களுக்கு என் வெற்றி பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டே சுற்றினேன். அவள் துணி துவைத்தாள், நான் கதை சொன்னேன். அணைக்கட்டு ஊரிலிருந்து அத்தை வீட்டார் வந்து சாப்பிட்டுப் போனார்கள், நான் கதை சொன்னேன். அப்பாவின் யூனிஃபார்மைத் தேய்த்தாள், நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அத்தனை நாள் பாதியில் நின்ற எல்லாக் கதைகளையும் முடித்துவிடுவது என்று வைராக்கியத்தோடு இருந்தேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள்.

எல்லாம் ஓய்ந்து அப்பா தூங்கப் போனதும், அம்மா டீ போட்டாள். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, அடுப்பு மேடைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இதற்காகத்தானே இத்தனை பாடு! ஓடிப்போய் ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தேன். கசந்தது.

"இன்னாம்மா, சக்கரையே போடல!"

அம்மா என் கையிலிருந்த டம்ளரையே பார்த்தாள். "மறந்துட்டேன்" என்றாள். டம்ளரை வாங்கிச் சக்கரை போட்டு, கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கோ பொறுமை இல்லை. வாங்கிக்கொண்டு மேடைமேல் ஏறி உட்கார்ந்து, வென்றவளுக்குரிய தோரணையோடு காலை ஆட்டிக்கொண்டே குடித்தேன். "இனிமே எல்லா ஞாயித்துக்கெழமையும் இப்படித்தானேம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா. இப்படித்தான்" என்றாள் அம்மா.