பெண் உட்பட ஐவர்

இராமலெட்சுமி பத்திரிகையில் ஒரே ஒரு தடவை வந்தவர். அதிலும் அவர் பெயர் இல்லை.

1997இல் மலையகத்துத் தலவாக்கலையிலிருந்து தையல் வேலைக்காகக் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து, ஒரு வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார். வயது இருபத்துநான்கு. யுத்த காலத்துப் பொலிஸ் சுற்றிவளைப்பொன்றில் அதே வீட்டிலிருந்த நான்கு ஆண்களோடு அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அடையாள அட்டையில் கொழும்பு விலாசம் இல்லாமல் தேயிலைத் தோட்டத்து விலாசம் இருந்ததுதான் காரணம். மூன்றாம் நாள், வழக்கு எதுவும் இல்லையென்று ஐவரையும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் அதற்குள் செய்தி வந்துவிட்டது. பெயர் இல்லாவிட்டாலும் அந்தப் பெண் யாரென்று தெரிந்தவர்களுக்கெல்லாம் விளங்கியது. தையற்கடையில் வேலை போயிற்று. நிச்சயித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், "பேப்பர்ல வந்த பொண்ணு வேணாம்" என்று ஆள் அனுப்பினார்கள். அந்தப் பேப்பரை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததேயில்லை.

இரத்மலானையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து, போன வருடம் விலகினார். விலகிய மறுவாரம் பழைய பத்திரிகைகள் வைத்திருக்கும் நூலகத்துக்குப் போனார்.

"எந்த வருசத்துப் பேப்பர் வேணும் ஆன்டி?" என்று அங்கு வேலை செய்யும் ஷஸ்னா கேட்டாள்.

"தொண்ணூத்தேழு முழுசும்."

மூன்று வரிச் செய்தி. 'கொட்டாஞ்சேனையில் பெண் உட்பட ஐவர் கைது.' அதைப் பார்த்தவுடன் எழுந்து வந்துவிட அவரால் முடியவில்லை. அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினார். 'இரு பெண்கள் உட்பட எழுவர் காயம்.' 'சிறுமி உட்பட மூவர் பலி.' எங்கும் அந்த 'உட்பட' இருந்தது, பெயர் இல்லை. திறப்பு விழாச் செய்திகளிலும் அதே சொல் வந்தது. 'பிரமுகர்கள் உட்படப் பலர்' என்றெழுதி, கீழே பிரமுகர்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் போட்டிருந்தார்கள். ஐவரை விடுவித்த செய்தியை அந்த வருடக் கடைசிவரை தேடினார். அது வரவேயில்லை.

ஷஸ்னா எடுத்துக் கொடுத்த பிரதியோடு நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். ஆசிரியர் நாகேந்திரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதில பிழையொண்டும் இல்லையே அம்மா. கைது செய்தது உண்மைதானே?"

"உண்மைதாங்க. விட்டதும் உண்மைதானே? அத ஏன் போடல?"

"நான் அப்ப இஞ்ச வேலைக்கே வரேல்ல. சனமும் இதை மறந்திருக்கும். ஏன் திரும்பக் கிளறுறீங்கள்?"

"மறந்தவங்க மறக்கட்டும் சார். கல்யாணம் நின்னது எனக்கு."

"வேணுமெண்டா வாசகர் கடிதம் ஒண்டு எழுதித் தாங்கோ, போடுறன்."

"கடுதாசி வேணாம். செய்தியா போட்டீங்க, செய்தியாவே போடுங்க. அதுவரைக்கும் நான் இந்தக் கதிரையிலதான் இருப்பேன்."

நாகேந்திரம் தொலைபேசியில் யாரோடெல்லாமோ கதைத்தார். தேநீர் வரவழைத்தார். இராமலெட்சுமி தேநீரைக் குடித்தார், எழும்பவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து ஆசிரியர் தாளொன்றை இழுத்து எழுதத் தொடங்கினார். 'அன்று கைதான பெண் உட்பட...'

இராமலெட்சுமி எட்டித் தாளின்மேல் கையை வைத்தார். "அந்தச் சொல்லு வேணாம் சார். என் பேர்ல தொடங்குங்க. மத்த நாலு பேரு பேரையும் அவங்கள கேக்காம போடாதீங்க. என் பேர நான் சொல்றேன். எழுதுங்க."

அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, ஆசிரியர் எழுதினார்.

செவ்வாய்க்கிழமை நான்காம் பக்கத்தில் அது வந்தது. 'இராமலெட்சுமி குற்றமற்றவர், 1997இல் வழக்கின்றி விடுவிக்கப்பட்டார்.' விடிந்ததும் விடியாததுமாக வெள்ளவத்தையிலிருந்து அவருடைய அண்ணி றஞ்சிதம் அழைத்தார்.

"என்ன புள்ள இது? எல்லாரும் மறந்திருந்த விசயத்த நீயே ஊருக்குச் சொல்லியிருக்கிற. இனி ஆளாளுக்குக் கேப்பாங்களே!"

"கேக்கட்டும் அண்ணி. உங்ககிட்ட கேட்டா என் நம்பரக் குடுங்க. நானே பதில் சொல்லிக்கிறேன்."