மூன்றாம் பக்கத்திலேயே நின்றவர்கள்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், பேக்கிங் ஷெட்டிலிருக்கும் பெண்கள் கழிப்பறைக்கு மெயின் கேட் வரை நடக்க வேண்டும். அதற்கும் முதலில் லைன் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஷெட் பக்கத்திலேயே ஒன்று கட்டித்தர நிர்வாகம் ஒருவழியாக இறங்கிவந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: பெண்களில் பாதிப்பேராவது ஆன்லைன் சர்வேயை முழுதாக முடிக்க வேண்டும். சனிக்கிழமை கடைசி நாள். முடிக்கவைக்கும் பொறுப்பு எச்.ஆர். உதவியாளனான என் தலையில் விழுந்தது.

புதன்கிழமை வரை திறந்தவர்கள் ஏராளம், முடித்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் எல்லாரும் மூன்றாம் பக்கத்தில் நின்றிருந்தார்கள். எனக்குக் கோபமான கோபம். இவர்களுக்காக நான் நாயாய் அலைகிறேன், ஐந்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா? நெட் சரியில்லையோ என்று என் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்தேன். முடித்தால் பிஸ்கட் பாக்கெட் என்று ஆசைகாட்டினேன். கேன்டீனில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, "அடுத்து, அடுத்து" என்று விரட்டினேன். மூன்றாம் பக்கம் வந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

வியாழக்கிழமை, எளாவூரிலிருந்து வரும் அக்கா ஒருவரிடம் பொரிந்து தள்ளிவிட்டேன். போன கோடையில் லைனிலேயே மயங்கி விழுந்தவர் அவர். காலையில் சாப்பிடாமல் வந்ததுதான் காரணம் என்று ரிஜிஸ்டரில் நானே எழுதி, குளுக்கோஸ் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"உங்களுக்காகத்தானேக்கா இவ்ளோ பாடு?"

"கோச்சிக்காத சார். மூணாம் பக்கத்துல இன்னா கேட்டுகிறாங்கன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. முடித்தவர்களின் எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷிப்டுல எத்தினி தபா பாத்ரூம் போறீங்கன்னு கேக்குது. நீயும் சூப்பர்வைசரும் பின்னாடி நின்னு பாத்துகினு இருந்தா அத எப்டி சார் தட்றது?"

எனக்குக் காது மடல் சுட்டது. நேராக என் அறைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் கேன்டீன் பக்கமே போகவில்லை. சூப்பர்வைசர்களையும் போக வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். என் அறையிலேயே தயிர்சாதத்தைத் தின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை மெல்ல ஏறியது. சனிக்கிழமை மதியம் பாதியைத் தாண்டியபோது கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

சாயங்காலம் பதில்களைப் படித்தேன். எத்தனை முறை என்ற கேள்விக்கு நிறையப் பேர் 'ஒருமுறைகூட இல்லை' என்பதைத் தட்டியிருந்தார்கள். ஏன் என்ற கட்டத்தில், "தண்ணி குடிக்கிறதில்ல, அதான் போறதில்ல" என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று கேன்டீன் சுவரில் போஸ்டர் ஒட்டியவன் நான்தான்.

பெயர் கேட்காத சர்வே அது. வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்ற கடைசிக் கட்டத்தைப் பெரும்பாலோர் காலியாக விட்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்:

"அன்னிக்கி மயங்கி உயுந்தது நான்தான் சார். காலீல நாஷ்டா துன்னுட்டுத்தான் வந்தேன். தண்ணிதான் குடிக்கல."