முப்பத்தாறாயிரம் ரூபா மாஸ்க்கும் ஒரு மீசையும்

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு வவுனியாவில் திருகோணமலை பஸ் ஏறினோம். இரண்டு பேருக்கும் எண்ணூற்று நாற்பது ரூபா. ஹொரவப்பொத்தானை வழியாகக் கிட்டத்தட்டத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர். நடத்துநர் எங்கள் பெரிய பையைப் பார்த்து, "கோயிலுக்கோ அக்கா?" என்றார். "இல்லைத் தம்பி, கடலுக்கு அடியிலை போகப் போறம்" என்றேன். என் கணவர் முழங்கையால் இடித்தார். "ஊருக்கெல்லாம் பறை தட்டாதையும்."

ஏன் தட்டக்கூடாது? தையல் கடையில் பத்தொன்பது வருடம் மிதித்த கால்கள் என்னுடையவை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த மூன்று லட்சம் என்னுடையது. குளத்தில் நீந்தி வளர்ந்தவள் நான். ஆனால் கடற்கரைக்குப் போனால் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. சுற்றிவரக் கடல் உள்ள நாட்டில் பிறந்து, நாற்பத்துநாலு வயதுவரை அதன் அடியைப் பார்க்காமல் இருக்கிறேனே என்று ஒரு கோபம் எனக்கு. டைவிங் ஆரம்பப் பயிற்சிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். மிச்சக் காசில் எனக்கென்று நல்ல சாமான்கள் வாங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கணக்கில் மண் போட்டவர் இவர்தான். "ஆரோ ஒருத்தன் உம்மடை கையைப் பிடிச்சுக்கொண்டு தண்ணிக்குள்ளை போவான். நான் கரையிலை நிண்டு துவாய் பிடிக்கிறதோ? நானும் பழகிறன்" என்றார். ஆக, இரண்டு பேருக்கு இரண்டு லட்சத்து இருபதாயிரம். என் ஆசைக்குக் காவல் வைக்கவே ஒரு லட்சத்துப் பத்தாயிரம் செலவானது.

ஒன்பதரைக்குத் திருகோணமலையில் இறங்கினோம். சாம்பல்தீவில் ஒரு வீட்டு அறை, நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. பையை வைத்துவிட்டு ஓட்டோ பிடித்துத் துறைமுகப் பக்கம் திரும்பினோம். ஓட்டோக்காரர் கிண்ணியா ஆள். எங்கே போகிறோம் என்று கேட்டவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்ட தம்பியும் கடலட்டை பிடிக்க இறங்கிறவன்தான் அக்கா. எதக் கேட்டாலும் இரவல் தருவான். மோட்டர் சைக்கிளையும் தருவான். மாஸ்க் மட்டும் தரமாட்டான். அது அவன்ட மூஞ்சிக்கெண்டு வாங்கினதாம்."

"நல்ல கதை" என்று இவர் சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

பயிற்சி நிலையம் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பழைய வீட்டில் இருந்தது. முற்றத்தில் காற்றுச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. பயிற்றுநர் டொமினிக், ஊர்ப் பொடியன், முப்பது வயது இருக்கும். நான் தைத்துக்கொண்டு போன உடுப்பை முதலில் எடுத்துக் காட்டினேன். இழுபடும் துணியில் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பு. இருவருக்கும் துணிக்கு ஆறாயிரத்து எண்ணூறு ரூபாதான் முடிந்தது. கடையில் தண்ணீர் உடுப்பு ஒன்றே முப்பத்தெட்டாயிரம்.

"இந்தச் சூட்டுத் தண்ணிக்கு இது காணும் அக்கா. ஆர் தைச்சது?" என்று தையலைத் தடவிப் பார்த்தார் டொமினிக். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். சிலிண்டர், அதிலிருந்து மூச்செடுக்கும் குழாய், மிதக்கும் ஜாக்கெட் எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். உடம்பில் ஒட்டுகிற சாமான் அடக்கமில்லை. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் பதினாறாயிரத்து ஐந்நூறு. மேலே மிதக்கும்போது வாயில் கடித்து மூச்சுவிடும் ஸ்நோக்கல் நாலாயிரம். காலில் மாட்டும் துடுப்புச் சப்பாத்து பதினெண்ணாயிரம். அதற்குள் போடும் ரப்பர்க் காலுறை ஏழாயிரத்து ஐந்நூறு. ஒரு ஆளுக்கு நாற்பத்தாறாயிரம். வேண்டாமென்றால் வாடகைக்கும் எடுக்கலாம். இதைத் தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேக்கேல்லையே" என்றார் உள்ளே இருந்த முதலாளி.

அறை வாடகை, சாப்பாடு, திரும்பும் பஸ் காசு எல்லாம் கழித்தால் கையில் அறுபதாயிரம். துடுப்பும் காலுறையும் இரண்டு பேருக்கும் மூன்று நாள் வாடகை ஒன்பதாயிரம். மாஸ்க்கும் ஸ்நோக்கலும் இரண்டு சோடி வாங்கினால் நாற்பத்தோராயிரம். மொத்தம் ஐம்பதாயிரம். அப்பாடா, சமாளிக்கலாம் என்று மூச்சு விட்டேன்.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை விட்டாலும் விழக்கூடாது. டொமினிக் ஒரு சின்ன மாஸ்க்கை என் முகத்தில் வைத்தார். இழுத்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குள்ளால் வெளியே பார்த்தேன். துறைமுகத் தண்ணீர், ஒரு இழுவைப் படகு, அப்பால் பச்சை மலை. சந்தோசத்தில் எனக்குக் கண் கலங்கிப் போனது.

இவருக்கு வைத்தார். விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் விழுந்தது.

"மீசைதான் அண்ணை. ரப்பர் விளிம்பு மேல் உதட்டிலை இருக்கவேணும். மயிர் இருந்தால் தண்ணி வரும். முழுக்க எடுக்கத் தேவையில்லை. மூக்குக்குக் கீழை ஒரு கோடு வழிச்சால் காணும்."

"மீசை எடுக்க ஏலாது."

"கோடுதானே அண்ணை, எடுக்கச் சொல்லேல்லை."

"தம்பி, கலியாணம் கட்டின நாளிலையிருந்து உள்ள மீசை. ஏலாதெண்டால் ஏலாது."

நானும் கெஞ்சினேன். "இஞ்சேருங்கோ, கொஞ்சந்தானே. ஆர் பாக்கப் போகினம்?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கழுத்தை வெட்டச் சொன்னவள் மாதிரி நின்றேன். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இதுதான்.

"அப்ப வாடகைக்கு எடுத்துப் பாருங்கோ. காசெண்டாலும் மிச்சம்" என்றார் டொமினிக். இவர் அதற்கும் ஓம் என்றிருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து முற்றத்தில் ஒரு வெள்ளைக்காரர் தன் மாஸ்க்குக்குள் துப்பி, விரலால் தேய்த்துக் கழுவினார். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆரோ ஒருத்தன்ரை எச்சிலை நான் மூஞ்சியிலை போடுறதோ? சீ!"

முதலாளி இதற்காகவே காத்திருந்தவர்போலக் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். கறுப்பு மாஸ்க் ஒன்று. இரட்டை விளிம்பு ரப்பர். "இது மீசைக்காரருக்கும் பிடிக்கும் சேர்" என்றார். விலை முப்பத்தாறாயிரம். டொமினிக் நிலத்தைப் பார்த்தார். சம்பளம் கொடுப்பவருக்கு முன்னால் பாவம் அவர் என்ன சொல்வார்?

"அப்ப எனக்கு?" என்றேன்.

"உமக்கு மீசை இல்லைத்தானே. வாடகை மாஸ்க் போடும். உமக்கு அருவருப்பும் இல்லை."

மூன்று பேருக்கு முன்னால் புருசனோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று என்னை வளர்த்திருக்கிறார்கள். என் கைப்பையிலிருந்து என் காசை எண்ணி நானே கொடுத்தேன். மாஸ்க்கும் ஸ்நோக்கலும் நாற்பதாயிரம், துடுப்பு வாடகை ஒன்பதாயிரம். என் வாடகை மாஸ்க்குக்கும் ஸ்நோக்கலுக்கும் முதலாளி காசு எடுக்கவில்லை. மிச்சம் பதினோராயிரம். என் முகத்தில் ஒட்டிய அந்தச் சின்ன மாஸ்க்கை டொமினிக் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணி. பதினாலு கிலோமீற்றர் தள்ளி நிலாவெளியில், நெஞ்சளவு தண்ணீரில் பயிற்சி. கரையில் ஒரு வெளிநாட்டுப் பெண் என் உடுப்பைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் இவர் "கொழும்பு" என்றார். வீட்டில் தைத்தது என்று சொல்ல வெட்கமாம்.

முதல் முறை அமிழ்ந்தோம். அரை நிமிடத்தில் இவர் தும்மிக்கொண்டு மேலே வந்தார். முப்பத்தாறாயிரம் ரூபா மாஸ்க்கின் பாதிவரை தண்ணீர். டொமினிக் மீசையில் வாஸ்லின் பூசிவிட்டார். மறுபடியும் தண்ணீர். மீசைக்குப் பூசியிருந்த சாயம் வேறு கரைந்து உதட்டுக்கு வந்தது. பதினொன்றரைக்கு, "எனக்குச் சைனஸ் இருக்கு, அதுதான் சரிவரேல்லை" என்று கரையேறித் தென்னைக்குக் கீழே படுத்துவிட்டார். மண்ணில் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

என் வாடகை மாஸ்க்குக்குள்ளும் தண்ணீர் வந்தது. ஆண்களின் அளவு, என் கன்னத்தில் நிற்கவில்லை. வாடகை மாஸ்க்கில் சின்னதாக ஒன்று இருந்ததாம், முதல் நாளே வேறொருவர் கொண்டுபோய்விட்டார். ஆனாலும் நான் மேலே வரவில்லை. மாஸ்க்கின் மேல் விளிம்பை அமத்தி மூக்கால் ஊதினால் தண்ணீர் வெளியேறும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். ஊதினேன். நிரம்பியது. திரும்ப ஊதினேன். பின்னேரம் நாலரை மணிவரை ஊதிக்கொண்டே எல்லாப் பயிற்சியும் முடித்தேன். இவருடைய மாஸ்க்கையும் போட்டுப் பார்த்தேன். அது இன்னும் பெரிது.

"அக்கா, நீங்கள் நல்லாச் செய்யிறீங்கள்" என்றார் டொமினிக். "ஆனால் இந்த மாஸ்க்கோடை நாளைக்குப் பன்னிரண்டு மீற்றருக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது. கீழை பயந்தீங்களெண்டால் ரெண்டு பேருக்கும் ஆபத்து. உங்கடை அளவு மாஸ்க் ஒண்டு வாங்குங்கோ."

நனைந்த உடுப்போடு முதலாளியிடம் போனேன். இவருடைய மாஸ்க்கை மாற்றித் தரச் சொன்னேன். "தண்ணிக்குள்ளை இறக்கின சாமான் திரும்ப எடுக்கிறேல்லை" என்றார். இவர் விட்டுவிட்ட பயிற்சிக் காசில் கொஞ்சமாவது கழிக்கச் சொன்னேன். அதுவும் இல்லை. கையிலிருந்த காப்பைக் கழற்றினேன். அடகு பிடிக்கிற இடங்கள் அன்றைக்குப் பூட்டியாகிவிட்டன. மறுநாள் சனி, அதோடு போயா, பௌர்ணமி விடுமுறை. அதற்கடுத்த நாள் ஞாயிறு. "கடலுக்குள்ளை தாழ நகை அடகு வைச்சவள் எண்டு சனம் சிரிக்கும். போடும் காப்பை" என்றார் இவர். ஐயாயிரத்து ஐந்நூறு ரூபா குறைந்தது எனக்கு. அவ்வளவுதான்.

சனிக்கிழமை டொமினிக் என்னைப் படகில் வரச் சொன்னார், சும்மா பார்க்க. போனேன். மற்ற நாலு பேரும் முதுகுப்புறமாகத் தண்ணீரில் விழுந்து மறைந்தார்கள். குமிழிகள் மேலே வந்தன. நான் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு படகு விளிம்பில் இருந்தேன். அவர்கள் ஏறி வந்தபோது ஆளுக்கொரு துவாய் எடுத்துக் கொடுத்தேன். "ஒரு வருசத்துக்குள்ளை வந்து மிச்சத்தை முடிக்கலாம் அக்கா" என்றார் டொமினிக்.

ஞாயிறு காலை பஸ் ஏறினோம். ஹொரவப்பொத்தானை தாண்டும்வரை அவர் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டார்.

இப்போது அந்த மாஸ்க் எங்கள் வரவேற்பறை அலுமாரியில், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு, "திருகோணமலையிலை டைவிங் செய்தனாங்கள்" என்று எடுத்துக் காட்டுவார். நான் குசினிக்குள் போய்விடுவேன். நான் புதுச் சீட்டொன்று தொடங்கியிருக்கிறேன். அவருக்குச் சொல்லவில்லை.

வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு கலியாண வீட்டுக்குப் போகவென்று புதுச் சாயம் வாங்கி மீசைக்குப் பூசினார். ஒத்துக்கொள்ளவில்லை. உதடு தடித்துச் சொறி போட்டது. அன்று பின்னேரமே கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையை முழுதாக வழித்தெறிந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் கதவடியில் நின்று பார்த்தேன்.

"அண்டைக்கு ஒரு கோடு வழிக்க ஏலாதெண்டனீங்களே" என்றேன்.

"அது வேறை, இது வேறை" என்று முகத்தைக் கழுவினார். "இதென்ன, வளருந்தானே."

வளர்ந்துவிட்டது. மூன்று கிழமைகூட எடுக்கவில்லை. ஒரு சதமும் செலவில்லை.