அத்தை சொல்ல வேண்டிய பெயர்

கோமதி என்று கூப்பிட்டால் சங்கரன்கோவில் தெருவில் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்த்த காலத்தில் பிறந்தவள் அவள். பசுக்கள் சூழ நிற்கும் அவ்வூர் அம்பாளின் பெயர்தான் அவளுக்கும். தாயில்லாத தம்பி மாரிராஜைத் தறி ஓட்டி வளர்த்தாள். தனக்கு மகள் பிறந்தால் அக்கா பெயரைத்தான் வைப்பேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். பிள்ளை காதில் முதலில் பெயர் சொல்வது அத்தையின் உரிமை.

தம்பிக்கு மகள் பிறந்து, பெயர் சூட்டும் நாளில் அதற்காகவே சிவகிரியிலிருந்து வந்து இறங்கியவள், மண்டப வாசலில் பிளக்ஸைப் பார்த்தாள். 'தன்விகா' என்றிருந்தது.

"ஏலே, இது யாரு?"

"பிள்ளை பேருதான்க்கா. கோமதின்னு இப்ப யாரு வைக்கா? பழைய பேருன்னு சிரிக்காவ. நீ காதுல இதையே சொல்லிரு."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, கடைசியா எங்கிட்டயாலே சொல்லுத?"

பிள்ளை என்ன செய்யும்? குனிந்து மூன்று தடவை 'தன்விகா' என்றாள். பந்திக்குக் கூப்பிட்டபோது, கை நனைக்காமல் பஸ் ஏறினாள்.