தேத்தண்ணிக்கு முந்தின விலை

போன சனிக்கிழமை கல்முனைக்கு மின்சார ஜீப் பார்க்கப் போனேன். வாங்கவா? நல்ல கதை! சைக்கிளுக்கே இன்னும் கடன் காற்று அடிக்கிற ஆள் நான். போனது, என் மூத்த சகோதரி, ராத்தாவின் கணவர் இஸ்மாயில் மச்சானுக்குத் துணையாக.

மச்சான் முப்பது வருடமாகப் பஸ் ஸ்டாண்டில் வேன் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறவர். அந்த வேனை ஆலையடிவேம்பில் ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். அன்று பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேனைக் கொடுத்தால் அந்தக் காசு ஜீப்புக்கு முற்பணம். ஜீப்பின் விலை எட்டாமல் போனால்... வேனும் இல்லை, ஜீப்பும் இல்லை. ராத்தா வீட்டில் உலை கொதிப்பதே அந்த நாலு சில்லில்தான்.

ஷோரூம் தம்பி ஜீப்பின் கதவைத் திறந்து காட்டினார். “ஒரு சார்ஜுக்கு நானூறு, சேர்!”

மச்சானுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. “நானூறு ரூபாயா? அந்தச் சார்ஜுக்குப் பக்கத்துப் பாண்டிருப்புக்கும் போகேலாது தம்பி!”

மச்சானுக்குச் சார்ஜ் என்றால் ஹயர்க் கூலி. தம்பி சொன்னதோ கிலோமீற்றர். நான் சிரித்தே விட்டேன். மச்சான் முறைத்தார்.

“சரி, ஜீப் என்ன விலை?”

“இன்னும் அறிவிக்கல்ல சேர். மத்தக் கம்பனி ஜீப் போற விலையப் பாத்து, அதவிடக் கொஞ்சம் குறைச்சுத்தான் விடுவாங்க.”

மச்சானின் முகத்தில் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. அது ஏனென்று எனக்குத் தெரியும் – சிவலிங்கம்!

பாண்டிருப்புச் சிவலிங்கம், ஸ்டாண்டில் மச்சானுக்குப் பக்கத்து வேன். அந்தக் காலத்தில் கோமாரி ஊருக்குப் போக மச்சான் இரண்டாயிரம் கேட்டால், சிவலிங்கம் நின்ற இடத்திலிருந்தே “ஆயிரத்தெண்ணூறு!” என்பார். மச்சான் ஆயிரத்தறுநூறுக்கு இறங்குவார். நாங்கள் வாயே திறக்க வேண்டாம். சும்மா நின்றாலே சார்ஜ் குறையும். என் கலியாணத்துக்கு ஆட்கள் வந்ததுகூட அப்படியொரு சண்டையில் கிடைத்த அரைவிலைக்குத்தான். என்ன இனிமையான காலம் அது!

ஒருநாள் இரண்டு பேருக்கும் டீசல் காசுகூடத் தேறவில்லை. எதிர்த் தேத்தண்ணிக் கடையில் ஒன்றாக உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தார்கள். எழும்பி வந்தபோது இரண்டு வேனுக்கும் ஒரே சார்ஜ் – இரண்டாயிரத்தைந்நூறு!

அதன் பிறகு தினமும் அந்தத் தேத்தண்ணி. நோன்பு மாதத்தில் சிவலிங்கமும் பகலில் கடைக்குப் போகமாட்டார். மஃரிபுக்கு மச்சான் நோன்பு திறக்கும் வரை காத்திருப்பார். போன வருடம் அவர் காலமாகிவிட்டார்.

வெளியே வந்ததும் மச்சான் ஆலையடிவேம்புக்குப் போன் எடுத்தார். “வேன் இப்ப குடுக்கிறல்ல தம்பி. குறை நினைக்காதீங்க.”

“ஏன் மச்சான்?” என்றேன்.

“பொறு. இவன் குறைச்சா அவன் இன்னும் குறைப்பான். ரெண்டு கம்பனிக்காரனும் ஒண்டா இரிந்து தேத்தண்ணி குடிக்கிறத்துக்கு முந்தி வாங்கிரணும்.”

போட்டி விலையைப் பற்றி இதைவிடத் தெளிவாக எந்தப் படித்தவர் சொல்லுவார்?

ஸ்டாண்டுக்குத் திரும்பினோம். மச்சான் வழக்கம்போலப் பக்கத்தில் ஒரு வேனுக்கு இடம் விட்டு நிறுத்தினார். “உங்கட தேத்தண்ணியால ஊருக்கு எவ்வளவு நட்டம் தெரியுமா?” என்று சீண்டினேன்.

“ஓம், ஊருக்கு நட்டந்தான்” என்றார், அந்த வெற்றிடத்தைப் பார்த்தபடி. “முப்பது வருசத்தில எனக்குக் கிடைச்ச லாபம் அதொண்டுதான்.”