மலைப்பாதையில் முன்னால் போன வண்டி

அப்பா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரில் அப்பாவைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது தம்பிகள் இருவரும் ஒரே குரலில் என் பெயரைச் சொன்னார்கள். மூத்த பெண் என்றால் மாலை வாங்குவது முதல் கட்டுரை எழுதுவது வரை எல்லாம் தலையில்தான் விழும். ஆனால் இந்த வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை, அவரைக் கிடத்தியிருந்த இடத்தில்தான் தெரிந்துகொண்டோம். அன்று பிடித்த வியப்பு என்னை இன்னும் விடவில்லை.

அப்பா பிறந்தது செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். தாத்தா அங்கே கப்பல்களுக்குச் சாயம் அடித்தவர். பள்ளிக்கூடத்தால் அப்பாவை அதிக நாள் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தளத்துக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவர் அங்கேயே லாரி ஓட்டவும் பழகிக்கொண்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியபோது தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சேர்ந்தே வேலை போயிற்று. தாத்தா அதோடு ஓய்ந்துவிட்டார். அப்பா மறுவாரமே சிராங்கூன் சாலைக்குப் பின்னால் லாரிக் கொட்டகை வைத்திருந்த ஒரு சீன முதலாளியிடம் போய் நின்றார்.

ஜோகூர் பாலத்தைத் தாண்டி ஓடிய வண்டிகள் அவை. மெர்சிங்கிலிருந்து மீன் வரும், கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் வரும். அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே எந்த ஊர் போய் வந்தார் என்று மூக்கு சொல்லிவிடும். மீன் என்றால் அம்மா வாசலிலேயே நிறுத்திக் குளிக்க அனுப்பிவிடுவார். வழியில் மாரியம்மன் கோயில், சீனக் கோயில், சூராவ் என்னும் சின்னத் தொழுகைக்கூடம், மாதா கெபி எது வந்தாலும் அப்பா ஒரு சின்ன ஹாரன் அடிப்பார். எங்கள் பங்குச் சாமியார் இதைக் கேள்விப்பட்டு விசாரித்தபோது, எந்தத் தெய்வம் கண் விழித்திருக்கும் என்று நமக்கு எப்படிச் சாமி தெரியும் என்று அப்பா கேட்டாராம். சாமியார் சிரித்துவிட்டதால் அப்பா தப்பித்தார்.

அதே கொட்டகையில் எங்கள் மாமாவும் லாரி ஓட்டினார். மாமா என்றால் அம்மாவுடைய ஒரே அண்ணன். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாவை வளர்த்தவரும் அவரே. ஃபேரர் பார்க்கில் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். அண்ணனுக்கு மதியச் சோறு கொண்டு வந்த தங்கையை அப்பா பார்த்தார். அதற்கு மேல் நடந்ததைச் சொல்ல அம்மா இன்றுவரை மறுத்து வருகிறார். அப்பா கத்தோலிக்கர், அம்மா சைவக் குடும்பம். திருமணம் கோவிலில், அதாவது மாதா கோவிலில் நடந்தது. மாமா வரவில்லை. இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நடந்தது பெரிய கூத்து. இருவரும் ஒரே கொட்டகை, ஒரே முதலாளி, ஒரே தண்ணீர்க் குழாய். பேச்சு மட்டும் கிடையாது. சாவி வேண்டுமென்றாலும் கணக்கர் வழியாகத்தான் கேட்பார்கள். எங்களுக்கு இது சிரிப்பாக இருந்தாலும் அம்மாவுக்கு அப்படி இல்லை. தீபாவளி வந்தால் அம்மா அண்ணனுக்கென்று ஒரு டின் முறுக்கு தனியாக எடுத்து வைப்பார். நாலைந்து நாள் பார்த்துவிட்டு அதைப் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் புக்கிட் மேராவுக்குக் குடிவந்த பிறகும், தேக்கா சந்தைக்குப் போனால் ஃபேரர் பார்க் வழியாகச் சுற்றித்தான் திரும்புவார். மாமா வீட்டு சன்னல் திறந்திருந்தால் அன்றைக்கு அம்மாவின் முகம் தெளிவாக இருக்கும்.

கேமரன் மலையில் நடந்ததை நான் பலமுறை மாமா வாயாலேயே கேட்டிருக்கிறேன். உறவினர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்பாவின் நெருங்கிய நண்பர் காதர் அங்கிள். கேமரன் மலைக்கு அவர்கள் இருவர் வண்டியும் சேர்ந்தேதான் போகும். ஒருமுறை காதர் அங்கிள் காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய லாரியை மாமா எடுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. காய்கறி ஏற்றிக்கொண்டு பட்டப்பகலில் அடிவாரத்துத் தாப்பாவை நோக்கி இறங்குகிறார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். முன்னால் அப்பாவின் வண்டி போகிறது. ஒரு வளைவு திரும்பியதும் மாமாவின் காலடியில் பிரேக் மிதி பொத்தென்று தரைவரை போய்விட்டது. கியரைக் குறைக்கப் பார்த்தார், விழவில்லை. ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. விடாமல் அலறும் ஹாரனுக்கு லாரிக்காரர்களிடம் ஒரே அர்த்தம்தான். எனக்குப் பிரேக் இல்லை, வழியை விடு.

எதிரே வந்த வண்டிகள் ஒதுங்கின. அப்பா ஒதுங்கவில்லை. ஒதுங்க இடம் இருந்தது என்று மாமாவே சொல்வார். அப்பா தன் வண்டியை மாமாவுக்கு நேர் முன்னால் கொண்டுவந்து வேகத்தைக் கூட்டினார். தப்பி ஓடுகிறான் என்றுதான் மாமா நினைத்தாராம். அப்புறம்தான் புரிந்தது. இரண்டு வண்டியும் ஒரே வேகத்துக்கு வரும்வரை அப்பா ஓட்டியிருக்கிறார். வந்ததும் மெல்ல மெல்ல இடைவெளியைக் குறைத்து, தன் வண்டியின் முதுகை மாமாவின் வண்டி வந்து தொடும்படி விட்டிருக்கிறார். கொஞ்சம் முந்தியிருந்தால் மோதல், கொஞ்சம் பிந்தியிருந்தால் அடுத்த வளைவில் பள்ளம். தொட்ட பிறகு தன் கியரையும் தன் பிரேக்கையும் வைத்து இரண்டு லாரியின் பாரத்தையும் அவர் ஒருவரே தாங்கிப் பிடித்தார். வளைவுகளில் அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பினார்களாம். அப்பாவின் பிரேக்கிலிருந்து புகை வந்து மாமாவுக்குச் சாலையே தெரியவில்லை. கடைசியில் ஓராங் அஸ்லிப் பழங்குடியினர் பெத்தாய்க் காய்களைக் கட்டித் தொங்கவிட்டு விற்கும் ஒரு குடிலருகே, சாலை சற்று மேலேறும் இடத்தில் இரண்டும் நின்றன.

அன்றைக்கு நானும் பெரிய தம்பியும் பொடிசுகள். சின்னவன் அம்மா வயிற்றில் இருந்தான்.

மாமா இறங்கினார். அப்பாவும் இறங்கி வந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும், “ஓ, நீங்களா? நான் காதர்னு நெனச்சேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு நசுங்கிய கோசுகளை எடுத்துப் போடப் போய்விட்டார்.

லாரிக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இது விந்தையாகப் படாது. அவர்கள் ஆளைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லர், வண்டியைப் பார்த்துப் பழகியவர்கள். லாரியின் நெற்றிப் பலகை நிறமும் ஹாரன் சத்தமும் போதும், கை அசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். உள்ளே வேறு ஆள் இருந்து அசடு வழிந்த கதைகள் ஒவ்வொருவரிடமும் உண்டு. அதனால் மாமா அப்பா சொன்னதை அப்படியே நம்பினார். கொட்டகையிலும் அதையே சொன்னார். அவன் காப்பாற்றியது காதரை, நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என்றார். பேச்சு வார்த்தை பழையபடியே இல்லாமல் போயிற்று.

எண்பதுகளின் நடுவில், நான் உயர்நிலைப்பள்ளியில் இருந்தபோது, ஒரு தீபாவளிக் காலையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை. கையில் ஒரு புடவைப் பை. வாசலில் நின்று, “தங்கச்சி இருக்காளா?” என்று என்னிடம் கேட்டார். அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தார். அன்று முறுக்கு கருகிப்போனது. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா மாமாவைப் பார்த்துத் தலையசைத்து, உட்காரச் சொல்லி, கோப்பி கலக்கக் குசினிக்குள் போனார். அதற்குப் பிறகு மாமா வராத தீபாவளி இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை.

கண் பார்வை மங்கத் தொடங்கியதும் அப்பா தாமாகவே லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார். யாரும் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் லிட்டில் இந்தியாவில் ஒரு கோப்பிக் கடையில் பழைய லாரிக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். யாருடைய வண்டியை யானை மறித்தது, யார் வெள்ளத்தில் லாரிக் கூரைமேல் உட்கார்ந்து சோறு பொங்கினார் என்று ஒவ்வொரு வாரமும் கதை கொஞ்சம் வளரும். அப்பா அதிகம் பேச மாட்டார், கேட்டுச் சிரிப்பார். நோயில் அவர் நீண்ட காலம் கிடக்கவில்லை. மருத்துவமனையில் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடியே அமைதியாகக் கண் மூடினார்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தோம். இரண்டாம் நாள் பிற்பகல் அந்தப் பழைய லாரிக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். கைத்தடியோடு சிலர், பேரன் தோளைப் பிடித்தபடி சிலர். மாமா அவர்களுக்கு மலைக் கதையைச் சொன்னார். வழக்கம்போல், “காதருக்காக வச்ச உயிரு. எனக்கு இல்ல” என்று முடித்தார்.

காதர் அங்கிள் அப்போது எழுந்து நின்றார். “போதும்யா. அவன் இருந்தவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு என் வாயக் கட்டிட்டான். இனிமே என்னால முடியாது” என்றார்.

பிறகு அவர் சொன்னது இதுதான். காய்ச்சலில் கிடந்த அன்று காலையே அப்பா அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். தன் வண்டியை மாமா எடுப்பதைக் காதர் அங்கிள் சொல்லியிருக்கிறார். பட்டறையில் பார்த்தும் பிரேக்கில் தனக்குத் திருப்தி இல்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். அப்பா தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, கணக்கர் மூலம் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். எனக்கு லாரி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று மாமா சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மலையில் அப்பா முன்னதாகவே பாரம் ஏற்றி முடித்துவிட்டார். ஆனாலும் இறங்கவில்லை. இறங்கும் வழியிலுள்ள ரிங்லெட்டில் சாலையோரம் வண்டியைப் போட்டுக் காத்திருந்தார். மாமாவின் லாரி வருவதைக் கண்டதும்தான் எடுத்து, அதற்கு முன்னால் போனார்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வீட்டில் பிள்ளைகளையும் கர்ப்பிணி மனைவியையும் வைத்துக்கொண்டு, பிரேக் போகக்கூடும் என்று தெரிந்த லாரிக்கு முன்னால் ஒரு மனிதர் வேண்டுமென்றே போவாரா? பிறகு கோபம் தணிந்தது. இத்தனை பெரிய காரியத்தைச் செய்த கையாலா எங்களுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார் என்று தோன்றியது. அப்பாவின் முகத்தைத் திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

“அப்புறம் ஏன்டா என் பேரச் சொன்னேன்னு அவன்கிட்ட கேட்டேன்” என்றார் காதர் அங்கிள். “அவன் சொன்னான். ‘உயிரக் காப்பாத்துனதுக்காக அவரு என் வீட்டு வாசல்ல வந்து நிக்க வேணாம், காதரு. தங்கச்சியப் பாக்கணும்னு அவருக்கே தோணட்டும். அப்ப வரட்டும்’ அப்படின்னான்.”

மாமா எழுந்துபோய் அப்பாவின் தலைமாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அடக்கத்துக்கு எடுக்கும்வரை அங்கிருந்து அவர் எழவில்லை.

அப்பாவின் இறுதி நாள்களில் உடனிருந்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும் அன்பியக் குழுவினருக்கும், நாற்காலி போட்டதிலிருந்து தேநீர் ஊற்றியது வரை பார்த்துக்கொண்ட புக்கிட் மேரா அண்டை வீட்டாருக்கும், தூரம் பாராமல் ஜோகூரிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. முடியாத காலோடு வந்து நின்ற லாரிக்கார நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் கைகூப்புகிறோம். சொன்ன சொல்லை இத்தனை காலம் காத்த காதர் அங்கிளுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதவில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். மாமா கண்ணை மூடியபடி முழுவதும் கேட்டார்.

“ஒரு விஷயத்த விட்டுட்டியேம்மா” என்றார். “அந்தத் தீவாளிக்கு நான் என் தங்கச்சியப் பாக்கத்தான் வந்தேன். வேற எதுக்கும் வரல. அத எழுது.”

அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். “அவருக்குத் தெரியும்ண்ணே.”

“தெரியும்” என்றார் மாமா. “இருந்தாலும் எழுதச் சொல்லு.”

எழுதிவிட்டேன் மாமா.